மூளைக்கு ஓர் இடைக்காலத் தடை

அரசாங்கத்துக்குச் சொல்ல ஒரு யோசனை வைத்திருக்கிறேன். பைசா செலவில்லாதது. புதிய பணியிடம் உருவாக்க வேண்டாம், நிதித்துறையின் ஒப்புதல் வேண்டாம், உலக வங்கியிடம் கடன் கேட்க வேண்டாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஆறு வயது நிறையும்வரை நிறுத்திவைத்தால் போதும்.

சிரிக்காதீர்கள், ஆதாரத்தோடுதான் பேசுகிறேன். 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையைத் திட்டியவர்களும் புகழ்ந்தவர்களும் நம்மூரில் ஏராளம். மொழிப் பாடப் பக்கத்தைத் தாண்டிப் படித்தவர்கள் கொஞ்சம்தான். தாண்டினால் ஒரு வரி வரும்: மூளையின் மொத்த வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்கு முன்பே நடந்துவிடுகிறது என்று. அரசே அச்சடித்த கணக்கு இது. இப்போது அதே அரசின் சட்டப் புத்தகத்தைத் திறவுங்கள். அரசியலமைப்பின் 21ஏ பிரிவு தரும் கல்வி உரிமை ஆறு வயதில் தொடங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதன் 31-ஆம் பிரிவில், 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள குழந்தைக்கு இலவசக் கல்வி உரிமை தருகிறது. அதுவும் ஆறிலிருந்து பதினெட்டுவரை. ஆக, மூளை வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டுக் கை கழுவும் நேரத்தில்தான் உரிமை செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறது.

ஆறுக்குக் கீழே ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 2002-இன் 86-ஆவது திருத்தம் 45-ஆம் பிரிவை மாற்றி எழுதியது. ஆறு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் தர அரசு முயலும் என்று அதில் இருக்கிறது. முயலுமாம். நெறிமுறைக் கோட்பாடு என்பதால் நீதிமன்றத்தில் போய்க் கேட்கவும் முடியாது. முயன்றோம், ஆகவில்லை என்று அரசு சொல்லிவிட்டால் கணக்கு நேர்.

இந்த முரண்பாட்டைச் சரிசெய்ய இரண்டு வழி. சட்டத்தை மாற்றலாம், அல்லது மூளையை மாற்றலாம். சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டும், கூடினாலும் அமளி முடிந்து அவை நடக்க வேண்டும். மூளைக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

ஒரே சிக்கல், மூளை ஆபீஸ் நேரம் பார்ப்பதில்லை. அதற்குக் குடும்ப நல வாரம், நிதியாண்டு முடிவு, தேர்தல் நடத்தை விதி எதுவும் தெரியாது. பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தைக்கு இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் மாத்திரையின் விலை ஒரு டீயைவிடக் குறைவு. கண்டுபிடிப்பதற்கும் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் போதும். இந்தியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளிடமும் அந்தச் சொட்டு எடுக்கப்படுவதில்லை. டீ மட்டும் எல்லாக் கூட்டங்களிலும் கொடுக்கப்படுகிறது.

காதுக்கு உலகம் வைத்திருக்கும் கணக்கு 1-3-6. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோய் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். நம்மூரில் இதை வருஷக் கணக்காகப் படித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். ஒரு வயதில் சந்தேகம், மூன்று வயதில் பரிசோதனை, ஆறு வயதில் பள்ளிக்கூட டீச்சர் கூப்பிட்டு, “பையனுக்குக் காது கேக்கலையோ?” என்று கேட்பது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சை உண்டு, பல லட்ச ரூபாய் வேலையை ஏழைக்கு இலவசமாகச் செய்து தருகிறார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் சர்ஜரி சில மணி நேரம். அதன்பிறகு அந்தச் சத்தத்தைச் சொல்லாக்கும் பயிற்சிக்கு வாரா வாரம் பஸ் ஏறுவது வருஷக் கணக்கு. முதலாவதைப் போட்டோ எடுக்க ஆள் வரும்.

குறைமாதக் குழந்தையின் கதை இன்னும் கொடுமை. 34 வாரம் நிறையாமலோ 2 கிலோவுக்குக் கீழோ பிறந்தால், முப்பது நாளுக்குள் விழித்திரையை ஒரு கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். பாதிப்பு முற்றிய நிலையில் கண்டால் லேசருக்கு இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். இன்குபேட்டரில் வைத்து அரும்பாடுபட்டு உயிரைக் காப்பாற்றிய நர்ஸம்மா டிஸ்சார்ஜ் சீட்டில் ‘கண் பரிசோதனைக்கு வரவும்’ என்று எழுதிக் கொடுக்கிறார். அந்தச் சீட்டைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆள் உண்டா, முப்பதாவது நாள் எந்தக் கிழமை, அன்றைக்கு அந்த டாக்டர் அங்கே இருப்பாரா, இதெல்லாம் சீட்டில் இல்லை. பச்சை உடம்புக்காரியை ஒரு மாதத்துக்குள் வெளியே விடக் கூடாது என்று மாமியார் சொல்லுவார். அவருக்கு யாரும் எதுவும் விளக்கவில்லை. ஆயுள் முழுக்க நீளும் ஓர் இருட்டு இவ்வளவு சாதாரணமாகத் தயாராகிறது.

என் யோசனையை அறியாமலேயே அமல்படுத்தி வருபவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும். “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்” என்கிற அத்தை. “இவங்க தாத்தாவே நாலு வயசுலதான் வாயத் திறந்தாரு” என்கிற பெரியப்பா. நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்லும் பக்கத்து வீட்டுப் பாட்டி. இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம், படிப்பில்லை. ஒன்றரை வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, விரல் நீட்டி எதையும் காட்டாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், மூன்று நிமிடம் பார்த்துவிட்டு, “வெயிட் பண்ணிப் பாக்கலாம்மா, நீங்கதான் ரொம்பப் பயப்படுறீங்க” என்று சிரப் எழுதும் டாக்டர் இருக்கிறாரே, அவருக்கு என்ன பட்டம் கொடுப்பது? அவர் பார்க்கச் சொன்ன அந்த வெயிட்டில் எவ்வளவு போகிறது என்று அவருடைய பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆரம்ப ஆண்டுகளில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இணைப்புகள் உருவாகின்றன.

சேவைகளே இல்லை என்று நான் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். இருக்கின்றன. மண்டிக் கிடக்கின்றன. 1975-இலிருந்து அங்கன்வாடி இருக்கிறது. 2013-இல் தேசியச் சிறார் நலத் திட்டம் வந்தது. பிறவிக் குறைபாட்டிலிருந்து வளர்ச்சித் தாமதம்வரை 30 வகை நிலைகளைக் கண்டறிய ஊர் ஊராக வண்டியில் மருத்துவக் குழு, அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை. கண்டறிந்த குழந்தையை அனுப்ப மாவட்ட மருத்துவமனையில் ஆரம்பகால இடையீட்டு சேவை மையம். காகிதத்தில் அந்த மையத்துக்குக் குழந்தை மருத்துவர், பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்புப் பயிற்றுநர், சமூகப் பணியாளர், பல் டெக்னீஷியன், இவர்களையெல்லாம் மேய்க்க ஒரு மேனேஜர். இது சுகாதாரத் துறையின் கடை.

சமூக நீதி அமைச்சகம் சும்மா இருக்குமா? 2021 ஜூனில் தன் பங்குக்கு நாடு முழுக்க 14 இடங்களில் வேறொரு வகை ஆரம்பநிலை மையம் திறந்தது. நம் முட்டுக்காட்டில் ஒன்று. அதே அமைச்சகத்தின் கீழ் 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம், அதன் கீழ் ஒரு திட்டம். 2023 நவம்பரில் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு ரோஷம் வந்து, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்று அங்கன்வாடி நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்தும் மையங்கள் தனி. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையம் தனி, அங்கே வரும் பிசியோ தனி. உலக வங்கி உதவியோடு ‘விழுதுகள்’ மையங்களும் வந்துவிட்டன. பல பயிற்சிகள் ஒரே கூரையின் கீழ் என்பது நல்ல காரியம், கைதட்டுகிறேன். அந்தக் கூரைக்குக் கீழே வந்து சேர வேண்டியவள் எந்தக் கூரைகளையெல்லாம் சுற்றிவிட்டு வருகிறாள் என்பதையும் யாராவது விசாரித்தால் இன்னும் பலமாகத் தட்டுவேன்.

தாத்தா செத்த வீட்டில் நிலத்தை அளந்து பங்கு போடுவதுபோல் குழந்தையை அளந்து பங்கு போட்டிருக்கிறார்கள். வயிறு சமூக நலத்துறைக்கு. சத்துமாவும் முட்டையும் கொடுத்து எடை போடும் உரிமை அவர்களுடையது. கண், காது, கால் மூன்றும் சுகாதாரத் துறைக்கு. சதவீதம் மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கு. ஆறு வயதுக்கு மேல் மிஞ்சுவது பள்ளிக் கல்வித் துறைக்கு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணறு மட்டும் பொது என்று எழுதுவார்களே, எல்லோரும் இறைப்பார்கள், தூர் வார ஒருத்தரும் வரமாட்டார்கள். அந்தக் கிணறு அம்மா.

இவளை மணப்பாறைக்கு மேற்கே ஏதோ ஒரு கிராமத்தில் வைத்துக்கொள்வோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு மூளை முடக்குவாதம். உட்காரவில்லை, தலை நிற்கவில்லை, கால் இரண்டும் கத்திரிக்கோலாகப் பின்னிக்கொள்கிறது. பிசியோவுக்கு ஓரிடம், மாற்றுத்திறனாளி அட்டைக்கு ஓரிடம், அட்டைக்கு முன்னால் சதவீதத்துக்கு ஓரிடம், சிறப்பு நாற்காலிக்கு அளவெடுக்க ஒரு முகாம், உதவித்தொகைக்குக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்தான். “லேடீஸ் ஃப்ரீதானே, புள்ளைய மடியில வச்சுக்கம்மா.” விறைத்துக்கொள்ளும் பிள்ளையை மடியில் மடக்கி வைத்துக்கொள்வது எப்படி என்று அந்தக் கண்டக்டருக்கு யாராவது ஒருமுறை செய்துகாட்ட வேண்டும். இறங்கி நடந்து போனால்,

“ஏம்மா, எலும்பு டாக்டர் இன்னிக்கு லீவு. மனநல டாக்டர் கேம்ப்புக்குப் போயிட்டாரு. அடுத்த புதன் வாங்க.”

“போன புதனும் இதேதான் சார் சொன்னீங்க.”

“போன புதன் நான் லீவும்மா. நான் எப்படிச் சொல்லியிருப்பேன்?”

நியாயமான பதில். இந்த நாட்டில் தவறு செய்தவர் எப்போதும் அன்றைக்கு லீவில் இருந்தவர்தான்.

சதவீதம் கிடைப்பதிலும் மூளைக்குப் பொறுமை வேண்டும். மத்திய வழிகாட்டுதல்படி அறிவுசார் குறைபாட்டுக்குச் சான்று பெறக் குழந்தைக்குக் குறைந்தது ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து வயதுவரை ‘வளர்ச்சித் தாமதம்’ என்று தற்காலிகச் சான்று, பிறகு மறுபடி வந்து புதுப்பிக்க வேண்டும். மருத்துவ ரீதியில் இதற்குக் காரணம் உண்டு, கைக்குழந்தையை அவசரப்பட்டு முத்திரை குத்தக் கூடாது என்பது சரியான எச்சரிக்கை. ஆனால் நம் அலுவலகங்கள் அந்த எச்சரிக்கையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டன. முத்திரை இல்லையா, சலுகை இல்லை. சலுகைக்குக் கார்டு, கார்டுக்குச் சதவீதம், சதவீதத்துக்கு வயது. பயிற்சிக்கு மட்டும் வயதும் சதவீதமும் வேண்டாம், சந்தேகம் வந்த அன்றே தொடங்கலாம், தொடங்க வேண்டும். அதை அந்த ஜன்னலில் எழுதி ஒட்டியிருக்கிறார்களா? ‘செல்போன் பேசக் கூடாது’ என்று ஒட்டியிருக்கிறார்கள்.

முப்பத்தெட்டு சதவீதம் என்று ஒரு சீட்டு வந்தால் என்ன செய்வது? நாற்பதுக்குக் கீழே வெள்ளை அட்டை, நாற்பதிலிருந்து எண்பதுக்குக் கீழ்வரை மஞ்சள், எண்பதும் அதற்கு மேலும் நீலம். வெள்ளை அட்டைக்குச் சலுகைகள் அநேகமாகக் கிடையாது. பிள்ளைக்கு இன்னும் இரண்டு சதவீதம் மோசமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு தாயை ஏங்கவைக்கும் நிர்வாகத்துக்கு நோபல் பரிசில் ஒரு தனிப் பிரிவு வேண்டும். நன்றாகப் பயிற்சி கொடுத்துப் பிள்ளை கொஞ்சம் முன்னேறினால் அடுத்த புதுப்பித்தலில் சதவீதம் இறங்கி உதவித்தொகை போய்விடுமோ என்று பயப்படும் குடும்பங்கள் இருக்கின்றன. பயிற்சியை நிறுத்தினால் பணம் நிற்காது என்பதைத் திட்டம் போட்டு யாரும் உருவாக்கவில்லை. அதுவாக விளைந்திருக்கிறது.

உதவித்தொகை தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய். பல மாநிலங்களைப் பார்க்க இது நல்ல தொகை, பொய் சொல்லக் கூடாது. அரசு மையத்தில் ஆள் இல்லையென்று தனியாரிடம் போனால் முக்கால் மணி நேர செஷனுக்கு ஐந்நூறு என்று வைத்துக்கொண்டாலும், நகரத்தில் அதற்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம், மாதத்துக்கு நான்கு செஷன். மீதி இருபத்தாறு நாள் மூளை சும்மா இருக்க வேண்டும். பாருங்கள், என் யோசனைக்கு நிதி ஒதுக்கீடே செய்து வைத்திருக்கிறார்கள்.

அந்த இருபத்தாறு நாளில் நுழைகிறவர்களைப் பற்றி நீளமாக எழுதினால் வாய் நாறும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஏற்றுகிறேன் என்பவர், பாக்கெட் பாக்கெட்டாக பவுடர் விற்பவர், வாட்ஸாப்பில் ‘தொண்ணூறு நாளில் பேச்சு’ விளம்பரம் போடுபவர். ஸ்டெம் செல் ஆட்டிசத்துக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சையே இல்லை. ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு, கூப்பிட்டால் போனை எடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் என் கோபம் தப்பான வாசலில் போய் விழும். அங்கன்வாடி அக்காவையோ, மாவட்ட மையத்து பிசியோவையோ நான் சொல்லவில்லை. அந்த அக்கா சமைத்து, எடை பார்த்து, ரெஜிஸ்டர் எழுதி, அதையே மறுபடி செயலியில் ஏற்றி, டவர் கிடைக்காமல் மொட்டை மாடி ஏறி நிற்பவர். அந்த பிசியோ தொகுப்பூதியத்தில் வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று பார்த்துக்கொண்டே, ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளின் முறுக்கிய கால்களை ஒரே ஜோடிக் கையால் நீட்டிக்கொண்டிருப்பவர். நிறையப் பேர் தங்கள் சொந்த செல்போன் நம்பரைத் தாய்மாரிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். இந்த மாநிலத்தில் ஏதாவது ஒருங்கிணைப்பு நடக்கிறது என்றால் அந்தச் சொந்த நம்பர்களில்தான் நடக்கிறது, அதற்கு ரீசார்ஜ் கூட அரசாங்கம் போடுவதில்லை.

மிச்சம் இருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு வருவோம். எல்லா வழிகாட்டுதல்களிலும் ‘துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு’ என்று ஓர் அத்தியாயம் உண்டு. அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தை இதுவரை யாரும் வெளியிடவில்லை என்பதால் நானே எழுதித் தருகிறேன். பதவி: ஒருங்கிணைப்பாளர். காலியிடம்: இல்லை, பிரசவ வார்டிலேயே நிரப்பப்பட்டுவிட்டது. ஊதியம்: இல்லை. ஏற்கெனவே பார்த்துவந்த மில் வேலை அல்லது நூறு நாள் வேலையை விட்டுவிட வேண்டும். கல்வித் தகுதி: ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ரிப்போர்ட்டை அது என்னவென்று தெரியாமலேயே சரியான மேசையில் எடுத்து நீட்டத் தெரிய வேண்டும். உடல் தகுதி: வளர்ந்துகொண்டே இருக்கும் ஒரு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கான அலுவலகம் மாடியில் இருந்தாலும். உபகரணங்கள்: பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று, அதில் பிறப்புச் சான்று, டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பாஸ்போர்ட் அளவு போட்டோ பத்து, எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் இரண்டு. கூடுதல் பணி: ஒவ்வொரு மேசையிலும் பிரசவக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அழுதுகொண்டே சொன்னால் ‘ஏம்மா அழுவுற’, அழாமல் சொன்னால் ‘அம்மா கொஞ்சம் அலட்சியம்’ என்று கேஸ் ஷீட்டில் ஏறும். விடுப்பு: சொந்தக்காரர் சாவுக்கு மட்டும், அதுவும் புதன்கிழமையாக இல்லாவிட்டால். ஓய்வு வயது: குறிப்பிடப்படவில்லை. அப்பாவின் பெயர் படிவத்தின் முதல் கட்டத்தில் கேட்கப்படும், அதன்பிறகு எந்தக் கட்டத்திலும் அவர் தேவைப்பட மாட்டார்.

அரசுக்கு ஒரு குழந்தையைத் தொடர்ந்து கவனிக்கத் தெரியாது என்று எந்த அதிகாரியாவது சொன்னால் நம்பாதீர்கள். பேஷாகத் தெரியும். தமிழ்நாட்டில் கரு தரித்த சில வாரங்களிலேயே அம்மாவுக்கு பிக்மி என்கிற கர்ப்பப் பதிவு எண் கொடுத்துவிடுகிறார்கள். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பாடு. எத்தனையாவது மாதம் ஸ்கேன், எப்போது இரும்புச் சத்து மாத்திரை, எந்தத் தேதியில் எந்தத் தடுப்பூசி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் எந்தத் தவணை எப்போது, எல்லாம் அந்த எண்ணின் கீழ் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் ஊசி தவறினால் வீடு தேடி வந்து சத்தம் போடுவார். போலியோவை இந்த நாடு எப்படி விரட்டியது? வீட்டு வாசலில் சாக்பீஸ் குறி போட்டு, பிள்ளையின் விரலில் மை வைத்து, பஸ் ஸ்டாண்டிலும் ரயிலிலும் செங்கல் சூளையிலும் தேடிப் பிடித்து. கடைசி போலியோக் குழந்தை பதிவானது 2011 ஜனவரியில், 2014-இல் உலகம் சான்று கொடுத்தது. இவ்வளவு தெரிந்த அரசாங்கத்துக்கு, அதே பிள்ளை அதே ஊசிக்கு ஒன்பதாவது மாதம் வரும்போது, உட்கார்கிறதா, சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதே எண்ணில் ஒரு கொடி ஏற்றி, அந்தக் கொடியைத் துரத்த ஓர் ஆளை நியமிக்கத் தெரியாதா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவே ஆபத்தில் இருக்கும் குழந்தைகளைக் கண்டறிய எல்லாக் குழந்தைகளையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பரிசோதிக்கச் சொல்கிறது. போலியோ தொற்றும், மேல்தட்டுப் பிள்ளைக்கும் வரும். மணப்பாறைக்கு மேற்கே ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால் அது யாருக்கும் தொற்றாது. ஓட்டு எண்ணிக்கையிலும் தொற்றாது.

அமெரிக்காவைத் தூக்கிப் பிடிக்க எனக்கு எந்த நேர்த்திக்கடனும் இல்லை. அங்கேயும் ஆள் பற்றாக்குறை, காத்திருப்பு எல்லாம் உண்டு. ஆனால் 1986-இல் அவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பற்றி யாராவது தகவல் சொன்னால் 45 நாளுக்குள் மதிப்பீடு முடிந்து, குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் போட வேண்டும் என்பது அதன் இன்றைய விதி. அந்தத் திட்டக் காகிதத்திலேயே ஒருங்கிணைப்பாளரை அடையாளம் காட்டியிருக்க வேண்டும். அத்தனை துறைகளோடும் மல்லுக்கட்டுவது அந்த ஆளின் வேலை, அதற்குச் சம்பளம். அந்தக் காகிதத்தை நம் மொழியில் தயாரிக்க எத்தனை கோடி ஆகும்? ஒரு குழந்தை, ஒரு ஆள், ஒரு தேதி. கேட்பது இவ்வளவுதான், இதற்குக் கட்டடம் கூட வேண்டாம். ஒருவேளை அதனால்தான் கிடைக்கவில்லையோ என்னவோ. திறந்துவைக்க ரிப்பன் இல்லாத திட்டம் இங்கே பிறப்பதில்லை.

கூட்டம் மட்டும் தவறாமல் நடக்கும். அப்படி ஒரு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு எப்படி இருக்கும் என்று கற்பனையில் எழுதிப் பார்த்தேன். கற்பனை அதிகம் தேவைப்படவில்லை.

பொருள் 1: சென்ற கூட்டத்தின் குறிப்பு ஏற்கப்பட்டது. இப்போது வந்திருப்பவர்களில் எவரும் சென்ற கூட்டத்துக்கு வந்திராததால் ஆட்சேபம் எழவில்லை.

பொருள் 2: கண்டறியப்பட்ட குழந்தைகளின் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளுதல். பட்டியல் தங்கள் போர்ட்டலில் இருப்பதாகச் சுகாதாரத் துறைப் பிரதிநிதி தெரிவித்தார். தங்கள் போர்ட்டலில் வேறொரு பட்டியல் இருப்பதாக மாற்றுத்திறனாளிகள் நலத்துறைப் பிரதிநிதி தெரிவித்தார். மூன்றாவது பட்டியல் தங்கள் எமிஸ் தளத்தில் உள்ளதாகப் பள்ளிக் கல்வித் துறை தெரிவித்தது. அங்கன்வாடிப் பட்டியல் டவர் கிடைத்ததும் வரும். நான்கையும் ஒப்பிட ஐந்தாவது போர்ட்டல் ஒன்றை உருவாக்கப் பரிந்துரைக்கலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது.

பொருள் 3: பேச்சுப் பயிற்சியாளர் பணியிடம் காலியாக இருப்பது குறித்து. கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது. அனுப்பப்பட்ட கருத்துரு குறித்து நினைவூட்டு அனுப்பப்பட்டுள்ளது. நினைவூட்டு கிடைத்ததா எனக் கேட்டு எழுதலாம்.

தேநீர் இடைவேளை, பதினைந்து நிமிடம். (குறிப்பில் இல்லாத கணக்கு: இந்த இடைவேளையில் வெளியே வராந்தாவில் காத்திருந்த கைக்குழந்தை ஒவ்வொன்றின் மூளையிலும் குறைந்தது 90 கோடி இணைப்புகள்.)

பொருள் 4: டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினம். விரிவாக விவாதிக்கப்பட்டது. ஷாமியானா, சால்வை, நினைவுப் பரிசு, சிற்றுண்டி ஆகியவற்றுக்குத் துணைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மேடைக்குச் சாய்தளம் இல்லாததால் குழந்தைகளைத் தூக்கி ஏற்ற என்.சி.சி. மாணவர்களைக் கேட்டுப் பெறலாம். ஏப்ரல் 2, ஆட்டிச விழிப்புணர்வு தினத்துக்கு அலுவலகக் கட்டடத்தில் நீல விளக்கு போடுவது பற்றி அடுத்த கூட்டத்தில்.

பொருள் 5: ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பொறுப்பாளரைப் பெயர் குறித்து நியமித்தல். எந்தத் துறையின் ஊழியரை நியமிப்பது, அவரது பயணப்படியை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்ற கேள்விகள் எழுந்தன. அத்தகைய பொறுப்பாளர் ஒருவர் ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்கெனவே இருந்துவருவது உறுப்பினர் ஒருவரால் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டதால், புதிய நியமனம் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டு, பொருள் கைவிடப்பட்டது.

நகல்:
சுகாதாரத் துறை, தகவலுக்காக.
சமூக நலத்துறை, தகவலுக்காக.
பள்ளிக் கல்வித் துறை, தகவலுக்காக.
மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, தகவலுக்காக.
குழந்தையின் தாய், உரிய நடவடிக்கைக்காக. தாமதம் ஏற்படின் அதற்கான விளக்கத்துடன்.